கைக்குழந்தைகளும் வந்த வகுப்பு

பாட முறைகளைப் பற்றிப் பேச வேண்டாம் என்று உங்களில் ஒருவரே என்னிடம் கேட்டுக்கொண்டார். அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றனவாம். நல்லது. கரும்பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பிரம்பை எங்கே வைக்கக் கூடாது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு காலைப்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் பட்டம் வாங்கிவிட்டுத் தொடக்கப் பள்ளிப் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள். நானும் அப்படி வந்தவள்தான். ஆகவே உங்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முப்பதுகளின் தொடக்கம். ரப்பர் விலை விழுந்து, ஈய விலை விழுந்து, பினாங்குத் துறைமுகத்தில் கப்பல்கள் வந்தாலும் இறக்குவதற்குச் சரக்கு இல்லாத காலம். அலுவலகங்களில் இருக்கிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் மதராஸில் சரித்திரம் படித்து பி.ஏ. பட்டத்தோடு கப்பலில் வந்து இறங்கினேன். ஆங்கிலப் பெண்கள் பள்ளியில் மேல் வகுப்புகளுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் வீட்டில் நம்பியிருந்தார்கள். அங்கே புதிதாக யாரையும் எடுக்கவில்லை. பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி ஒன்று மட்டும் நடந்தது. வார நாட்களில் ஒரு தமிழ்ப் பள்ளியில் முதல் வகுப்பை நடத்த வேண்டும், சனிக்கிழமை காலை பயிற்சி மாஸ்டரின் வகுப்புக்குப் போக வேண்டும். ஆண்டு முடிவில் அவர் வந்து நம் பாடத்தைப் பார்த்துத் தேர்ச்சி போடுவார்.

அப்பா துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். நான் இதைச் சொன்ன சாயங்காலம் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"கப்பல் ஏத்தி பி.ஏ. படிக்க வெச்சது மூக்கு ஒழுகுற பிள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்குறதுக்காம்மா?"

"ஒரு வருஷம்தாம்ப்பா. அப்புறம் மேல் வகுப்புக்குப் போயிடுவேன்" என்றேன். அப்பாவைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொன்னதல்ல. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு மாடிக் கடைவீட்டின் கீழ்த்தளம் எங்கள் வகுப்பு. மேலே பெரிய பிள்ளைகள். எங்களுக்கு ஒரே ஒரு வாசல், அதுவும் நேராகத் தெருவில் திறக்கும். தெருவில் காலை முதல் மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் லாரியும் போய்க்கொண்டே இருக்கும். கப்பல் சுமை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், நகராட்சித் துப்புரவுக்காரர்களின் பிள்ளைகள், சின்னக் கடைக்காரர்களின் பிள்ளைகள், எல்லோரும் ஒரே பெஞ்சில்.

என் முதல் பாடத்தைப் பயிற்சி மாஸ்டர் வந்து பார்த்தார். கல்லூரியில் என் பேராசிரியர்கள் பேசியதைப் போலவே நான் பேசினேன். சொற்களைத் தேர்ந்தெடுத்து, நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். எவ்வளவு கட்டுப்பாடான வகுப்பு என்று எனக்குள் பெருமை. முடித்ததும் முன் பெஞ்சுப் பையன் ஒருவன் மரியாதையாக எழுந்து நின்று, "டீச்சர், பூசை முடிஞ்சிருச்சா? வீட்டுக்குப் போவலாமா?" என்று கேட்டான்.

பயிற்சி மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் சிரிக்கவில்லை. "நீர் படிச்சது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி அதுகள் என்ன படிக்குதுகள் எண்டு பாரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பாதி ஆண்டு ஆயிற்று. பேச்சைக் குறைத்தேன். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினேன். வகுப்பில் சத்தம் கூடியது, வருகிற பிள்ளைகளும் கூடினார்கள். ஆனால் பெண் பிள்ளைகள் மட்டும் குறைவு. இருக்கிறவர்களும் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வரமாட்டார்கள்.

பார்வதி வந்தது அப்போதுதான். எட்டு வயதிருக்கும். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. இடுப்பில் ஒரு குழந்தை. தம்பி ராசு, தவழ ஆரம்பித்திருந்த வயது.

"உள்ள வாயேன்" என்றேன்.

"தம்பி இருக்கான் டீச்சர். தம்பிய வெச்சுக்கிட்டு வரக்கூடாதுன்னு பெரிய சார் சொல்லியிருக்காரு."

"அப்ப ஏன் இங்க நிக்கிற?"

"வெளிய நின்னா கேக்குது" என்றாள்.

அவளுடைய அம்மா நாகம்மா பாக்குக் கிட்டங்கியில் பாக்குப் பொறுக்கப் போகிறவள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை போய், கிடைத்த வேலையைத் தேடி கடல் தாண்டி அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போயிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள பார்வதியைத் தவிர வீட்டில் ஆள் இல்லை. சந்தில் பாதிப் பெண் பிள்ளைகளின் கதை இதுதான். அவர்களுக்குப் படிக்க விருப்பமில்லை என்று பள்ளியில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பின்பக்கம் ஒரு பாயை விரித்து, இரண்டு பெஞ்சுகளைச் சாய்த்து வேலி போல வைத்து, ராசுவை அதற்குள் விட்டோம். அந்த வாரக் கடைசிக்குள் செய்தி சந்து முழுக்கப் பரவிவிட்டது. தயங்கிய தாய்மாரிடம் நானே போய்ப் பேசினேன். பாயில் ஐந்தாறு குழந்தைகள் ஆகிவிட்டார்கள். ஒரு குழந்தை தூங்கும்போது இன்னொன்று அழும், ஒன்று அழுவதை நிறுத்தினால் இன்னொன்று ஈரமாக்கும். அக்காமார்கள் முறை போட்டுக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நடுவே எப்படியோ படித்தார்கள். பார்வதிக்குக் கணக்கில் வெறி. ஒரு கணக்குக்குள் இறங்கிவிட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டு, கூப்பிட்டாலும் காது கேட்காதவள் மாதிரி இருப்பாள்.

பார்வதி சொன்ன பெரிய சார் எங்கள் தலைமையாசிரியர், நல்ல மனிதர். ஆனால் கவலைப்படுவதையே தொழிலாக வைத்திருந்தார். பார்த்தும் பார்க்காதது போலக் கொஞ்ச நாள் இருந்தார். பயிற்சி மாஸ்டர் என் கடைசிப் பாடத்தைப் பார்க்க வரப்போகிறார் என்று தெரிந்ததும், முந்தின நாள் மாலை என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பொண்ணுங்களை வர வேணாம்னு சொல்லிடுங்க. மறுநாள் வரட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவரு வந்து பாத்தாருன்னா உங்க சர்டிபிகேட்டும் போச்சு, என் பேரும் போச்சு."

நியாயமான பேச்சுதான். ஒரு நாள் மட்டும். உங்களில் யாரிடம் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வீர்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன். துறைமுகத்தை ஒட்டி வீட்டுக்கு நடக்கும்போதுதான் மனம் அலைக்கழிந்தது. ஒவ்வொரு தாயிடமும் நானே போய்க் கெஞ்சி அனுப்பச் சொன்ன பிள்ளைகள் அவர்கள். பெரிய மனிதர் வருகிற அன்று வராதே என்றால் அவர்களுக்கு என்ன அர்த்தமாகும்? நீங்கள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே அர்த்தம். பெண் பிள்ளைகள் அந்த மாதிரிச் செய்தியை மிகச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். ஒரு முறை புரிந்துகொண்டால் அந்த ஒரு நாள் ஒரு நாளோடு நிற்காது.

காலையில் தலைமையாசிரியரிடம் போய், அவர்களை நிறுத்தவில்லை என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "உங்க பரீட்சை, உங்க பொறுப்பு" என்றார்.

பயிற்சி மாஸ்டர் வந்தார். பாயையும் பாயிலிருந்தவர்களையும் நெடுநேரம் பார்த்தார். பின்பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாடம் கழித்தல் கணக்கு. பொருள்களைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியின் விதி. ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் பத்துப் புளியங்கொட்டை. பாடம் நன்றாகவே போனது. கைகள் உயர்ந்தன, பதில்கள் வந்தன. மாஸ்டர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பையன் பதில் சொல்லும் அவசரத்தில் எழுந்து கொட்டைகள் இருந்த பலகையைத் தட்டிவிட்டான். அவன் கொட்டைகளும் பக்கத்துப் பிள்ளையின் கொட்டைகளும் தரையில் சிதறி ஓடின. பிள்ளைகள் சிரித்தார்கள். பரவாயில்லை, அப்புறம் பொறுக்கலாம் என்று நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

கொஞ்ச நேரம் கழித்து பார்வதியின் குரல். கத்தவில்லை. மிகச் சின்னக் குரலில், "டீச்சர், தம்பி" என்றாள்.

ராசு வேலியைத் தாண்டித் தவழ்ந்து வந்திருந்தான். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குள் மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டுக் குழந்தையைத் தூக்கிவிட்டார். தொடைமேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்ட ஆரம்பித்தார். அவர் செய்வதைப் பார்த்ததுமே தெரிந்தது, பிள்ளை பெற்று வளர்த்தவரின் கை.

தம்பிகளே, தங்கைகளே, அந்த நொடியைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். என் உடம்பு முழுக்க அந்தக் குழந்தையை நோக்கித்தான் இழுத்தது. அந்தக் கூடத்திலிருந்த அத்தனை கண்களும் அவனைத்தான் பார்த்தன. ஏதோ ஒன்று என்னைத் திருப்பிப் பார்க்க வைத்தது. தரை முழுக்கப் புளியங்கொட்டை. பாயில் மற்றக் குழந்தைகள். ஒருத்தி ஏற்கெனவே எதையோ பிடித்துவிட்டாள். வாசல் பக்கத்துப் பிள்ளைகள் அழுதுகொண்டே எழுந்துவிட்டார்கள், ஒரு பையன் தெருவில் ஒரு காலை வைத்துவிட்டான். வெளியே லாரிச் சத்தம். ராசுவிடம் ஒருவர் இருக்கிறார். இவர்களிடம் யாரும் இல்லை.

நான் வாசலுக்குப் போய்க் குறுக்கே நின்றேன். அந்தப் பையனை உள்ளே இழுத்தேன். கத்தினால் எல்லோரும் ஓடுவார்கள் என்று தெரிந்தது. சாதாரணமாகப் பாடம் சொல்வதைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"எல்லாரும் அவங்கவங்க கொட்டையக் கையில எடுத்து மூடிக்கங்க. மூடினவங்க கீழ உக்காருங்க."

முன்வரிசை உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசையும் உட்கார்ந்தது.

"அக்காமாருங்க போய் அவங்கவங்க தம்பி தங்கச்சிய மடியில தூக்கி வெச்சுக்கங்க. வாயத் திறந்து பாருங்க."

ஒரு பெண் தன் தங்கையின் வாய்க்குள் விரலை விட்டாள். ஈரமான ஒரு புளியங்கொட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

ராசு அப்போதும் அழவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் பிள்ளைகளும் திரும்புவார்கள். மாஸ்டரின் கை விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாதாவே, மாதாவே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு ஓர் இருமல். அதன்பின் வீடே அதிருகிற மாதிரி ஓர் அழுகை. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

திரும்பிப் பார்த்தேன். மாஸ்டரின் வெள்ளைக் கோட்டில் ராசு குடித்த பால் முழுவதும் இருந்தது. அவர் அவனைத் தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பார்வதி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வகுப்பைக் கலைச்சுவிடும்" என்றார் அவர். அவருக்கும் மூச்சு வாங்கியது.

"இப்ப அனுப்பினா பயத்தோடயே வீட்டுக்குப் போவாங்க சார். கொஞ்ச நேரம் குடுங்க" என்றேன்.

அவர் ராசுவை என்னிடம் நீட்டினார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பார்வதியை என் நாற்காலியில் உட்கார வைத்து ராசுவை அவள் மடியில் கொடுத்தேன். பிறகு ஒரு டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனேன். "பத்துக் குடுத்தேன். இப்ப எத்தனை இருக்கு? எத்தனை காணோம்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். காணாமல் போனது ஒவ்வொன்றையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் ஊர்ந்தார்கள், கதவிடுக்கில் விரலை விட்டார்கள். இன்னும் மூன்று, இன்னும் ஒன்று என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அழுத பிள்ளைகள் தேடுகிற மும்முரத்தில் அழுகையை மறந்தார்கள். கடைசிக் கொட்டை டின்னில் விழுந்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினேன்.

மாஸ்டர் கோட்டைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக்கொண்டு வந்தார்.

"நான் வச்ச பாடம் முடியேல்லை. பாஸ் எண்டு எழுத ஏலாது" என்றார்.

"சரி சார்."

"குழந்தையளை வச்சிருந்தது பிழை எண்டும் எழுதமாட்டன். ஆனா இனி அதுகளும் கொட்டையும் ஒரே அறையில இருக்கக் கூடாது. அடுத்த மாதம் திரும்ப வாறன்." வாசல்வரை போனவர் நின்றார். "நான் பாத்தது ஒண்டைத்தான். மற்றதுகளை நீர் பாத்தீர்."

அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. நானும் சின்ன வகுப்புகளில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன், இந்தத் தொழிலைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆபத்து வரும்போது உலகமே அந்தப் பிள்ளையைப் பார்க்கும். பார்க்கட்டும். மற்றப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

தேர்ச்சி போனதில் எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் மறுநாள் காலை அது பெரிய விஷயமாகப் படவில்லை. தலைமையாசிரியர் கைக்குழந்தைகளுக்குத் தடை போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு குழந்தை சாகப் பார்த்தது. பின் பெஞ்சு காலியாகக் கிடந்தது. பெண் பிள்ளைகள் ஒருத்தியும் வரவில்லை.

பள்ளி விட்டதும் பாக்குக் கிட்டங்கிக்குப் போனேன். பார்வதி தன் வாயால் எல்லாவற்றையும் சொல்லி அடி வாங்கியிருக்கக் கூடாதே என்பதுதான் என் கவலை. உள்ளே பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து பாக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நாகம்மா என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"சொல்லிட்டா டீச்சர். இனிமே அவ வர மாட்டா. எனக்கு இருக்குறது ஒரு பையன்."

நடந்ததை முதலிலிருந்து நானே சொன்னேன். கொட்டையை வகுப்பில் வைத்தது நான், குழந்தைகளை உள்ளே விட்டது நான், பார்வதி செய்தது எதுவும் இல்லை என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பாக்கை எடுத்துப் போட்டாள். அப்போதுதான் ராசுவைப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான், கால் ஒரு துணியால் தூணோடு கட்டப்பட்டிருந்தது. பெட்டியைச் சுற்றிலும் மலைமலையாகப் பாக்கு. அவன் கையிலும் ஒன்று.

நான் பார்ப்பதை நாகம்மா பார்த்தாள். எழுந்து போய் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். பக்கத்திலிருந்தவள் சிரித்துவிட்டாள். நாகம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, அதைத் தொடர்ந்து அழுகையும் வந்தது.

"இங்க மட்டும் என்ன வாழுதாம். சுத்திலும் பாக்குதான்" என்றாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் என்னதான் செய்யட்டும், சொல்லுங்க."

எனக்கு அப்போது பதில் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். ஒரு யோசனையோடு திரும்பி வருகிறேன் என்றேன்.

பதில் பள்ளிக்கு எதிர்வீட்டில் இருந்தது. பாத்திமா அக்காவின் கணவர் காலையில் சோற்றுப் பானைகள் தொங்கும் காண்டாக் கழியைத் தோளில் சுமந்துகொண்டு துறைமுகத்தில் சோறும் கறியும் விற்கப் போவார். அவர் போன பிறகு வீட்டில் அக்கா மட்டும்தான். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். மறுநாள் காலை நான் வாசலைத் திறக்கும்போது தெருவைத் தாண்டி வந்தார்.

"டீச்சர், அன்னிக்கு நான் எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்ப நீ வந்து வாசல்ல நின்ன பாரு, இல்லாட்டி எங்க வீட்டு முன்னாடியே ரெண்டு பிள்ள லாரியில போயிருக்கும்லா. என் வீட்டுப் பின்கட்டு சும்மாதான் கெடக்கு. செவுரு இருக்கு, கதவு இருக்கு. கொண்டாந்து விடச் சொல்லு."

"அஞ்சாறு குழந்தைங்க அக்கா. ரொம்பத் தொந்தரவு."

"தாப்பா லா, பரவாயில்ல. சத்தம் இல்லாத வீடு எனக்குப் புடிக்கல."

தலைமையாசிரியரிடம் சொன்னேன். பள்ளிக்கு வெளியே நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. கிட்டங்கிக்கு அக்காவையே கூட்டிக்கொண்டு போனேன். சில பெண்கள் தயங்கினார்கள். துலுக்க வீட்டில் பிள்ளையை விடுவதா என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நாகம்மாதான் அதை முடித்து வைத்தாள். "பசிச்சா அவங்க வீட்டுச் சோத்தத்தான வாங்கித் திங்குற. அப்ப கேட்டியா?"

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மற்றப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். பார்வதி மட்டும் வரவில்லை. ராசுவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு அங்கேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கூப்பிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் வரல டீச்சர்."

"அம்மா திட்டினாங்களா?"

இல்லை என்று தலையசைத்தாள். ராசுவின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள். "நான் கணக்குல இருந்தேன். ஏழுல நாலு போனா எத்தனைன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். தம்பியப் பாக்கல."

எட்டு வயதுப் பெண். ஒரு கணக்கில் தன்னை மறந்தது அவளுக்குக் குற்றமாகிவிட்டது. அப்போது நான் தவறான ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஆயுசுக்கும் எதிலும் தன்னை மறந்திருக்கமாட்டாள். நான் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"கணக்குல இருக்குறதுதான் உன் வேலை பார்வதி. அத நீ சரியாத்தான் செஞ்ச. தம்பியப் பாத்துக்க ஆள் வெக்கிறது பெரியவங்க வேலை. அத நாங்க அன்னிக்குச் செய்யல. இப்ப செஞ்சிருக்கோம்."

அவள் பாத்திமா அக்காவைப் பார்த்தாள். அக்கா ராசுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "போ பிள்ள. இவன நான் பாத்துக்கிறேன், நீ படிச்சுட்டு வா" என்றார்.

உடனே எழுந்துவிடவில்லை. அன்று முழுக்க அங்கேயே இருந்தாள். அடுத்த நாள் பாதிப் பாடத்தில் வந்து வாசலோரமாக உட்கார்ந்தாள், எதிர்வீட்டுக் கதவு தெரிகிற இடமாகப் பார்த்து. நான் அவளிடம் கேள்வி கேட்கவில்லை. மெதுமெதுவாக, பல நாட்கள் கழித்து, ஒரு நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. மறுபடியும் கூப்பிடாமல் நகர்ந்துவிட்டேன்.

மாஸ்டர் சொன்னபடி வந்தார். வகுப்புக்குள் வராமல் நேரே எதிர்வீட்டுக்குப் போனார். அவர் அங்கே பாத்திமா அக்கா கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் எல்லோரும் இங்கிருந்து பார்த்தோம். ராசு அவர் கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்தான். எவ்வளவு நேரம் போனதோ, நாங்கள் காத்திருந்தோம். பிறகு வந்து, "தொடங்கும்" என்றார். அன்று நடத்திய பாடம் எனக்கு நினைவில்லை. நல்ல பாடங்கள் பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை. சர்டிபிகேட் வந்தது.

அதே வாரம் ஆங்கிலப் பெண்கள் பள்ளியிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். மேல் வகுப்புகளுக்குச் சரித்திர ஆசிரியை தேவை, திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். போவதா, இருப்பதா என்று எனக்கே தெரியவில்லை. பட்டம் வாங்கியது சரித்திரத்தில். அதைச் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டுப் படித்தவள். அதைத் தவறு என்று இன்றும் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வந்தபோது வாசலில் மூன்று பெண் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நான் அதுவரை பார்த்திராத முகங்கள். நான் ஒருபோதும் கால் வைக்காத வேறொரு சந்திலிருந்து, யாரும் கூப்பிடாமல், தாங்களாகவே நடந்து வந்திருந்தார்கள். மூன்று பேர் இடுப்பிலும் குழந்தை. மூத்தவள் மாதிரி இருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், தம்பிய எங்க விடணும்?"

நான் எதிர்வீட்டைக் காட்டினேன். "அங்க விட்டுட்டுச் சீக்கிரம் வாங்க. பாடம் ஆரம்பிக்கப் போறேன்" என்றேன்.